பரிந்துரையின் விலை

அறிமுகமில்லாத ஊரில் வந்து இறங்கும் மனிதன் பிறருடைய சொல்லை நம்பியே நடக்கிறான். எந்தத் தெருவில் செல்வது, எங்கே உண்பது, எந்தக் கடையில் பொருள் வாங்குவது என்பவற்றையெல்லாம் தானே ஆராய்ந்து அறிய அவனுக்கு அவகாசம் இல்லை. ஆகவே, ‘இவர் விஷயம் அறிந்தவர், நம் நலனை நாடுபவர்’ என்று தோன்றும் ஒருவரது வார்த்தையை அவன் பற்றிக்கொள்கிறான். இதை அறியாமை என்று இகழ்வதற்கில்லை. மருத்துவர் எழுதித் தரும் மருந்தை உண்பதும், வழிப்போக்கர் காட்டிய திசையில் நடப்பதும் இந்த நம்பிக்கையால்தான். மனித வாழ்க்கையின் பெரும்பகுதி இதன்மேல்தான் நிற்கிறது.

அந்த வார்த்தையே முன்கூட்டி விலைக்கு விற்கப்பட்டிருந்தால் என்ன ஆகும்? கூறப்பட்டவற்றுள் ஒரு சொல்கூடப் பொய்யாக இல்லாதிருந்தும் கேட்டவர் ஏமாந்துபோனால், கூறியவரை உண்மை பேசியவர் என்று கொள்ளலாமா?

இக்கேள்வியை ஆராய்வதற்கு ஏற்ற ஓர் உதாரணம் உல்லாசப் பயணக் கப்பல்கள் செல்லும் துறைமுகங்களில் கிடைக்கிறது.

கப்பலும் கடைவீதியும்

கரீபியன் கடலிலுள்ள விர்ஜின் தீவுகளுள் ஒன்று செயின்ட் தாமஸ். டென்மார்க்கின் வசமிருந்த இத்தீவையும் இதன் அண்டைத் தீவுகளையும் 1917-ஆம் ஆண்டில் அமெரிக்கா விலைகொடுத்து வாங்கியது. இங்குள்ள சார்லட் அமலி என்னும் துறைமுக நகருக்குப் பெரிய பயணக் கப்பல்கள் காலையில் வந்து மாலையில் புறப்பட்டுச் செல்கின்றன. ஒவ்வொரு கப்பலிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் இறங்குகிறார்கள். டேனியர் காலத்துப் பழைய சரக்குக் கிடங்குகள் இன்று நகைக்கடைகளாகவும் கைக்கடிகாரக் கடைகளாகவும் மாறி, பிரதான வீதியின் இருபுறமும் வரிசையாக நிற்கின்றன.

அந்த வீதியில் எந்தக் கடைக்குள் நுழைவது என்பதைப் பயணிகளில் பலர் கரையில் இறங்குவதற்கு முன்பே தீர்மானித்து விடுகிறார்கள். கப்பலின் அரங்கில் துறைமுகக் கடைகளைப் பற்றி ஒரு சொற்பொழிவு நடைபெறுகிறது. அறைகளிலுள்ள தொலைக்காட்சியில் அது மீண்டும் மீண்டும் ஒளிபரப்பப்படுகிறது. சில கடைகளை மட்டும் குறித்துக் காட்டும் வரைபடம் ஒன்றும், சிறு இலவசப் பரிசுகளுக்கான சீட்டுகளும் வழங்கப்படுகின்றன. ‘இவை பரிந்துரைக்கப்பட்ட கடைகள், இங்கு வாங்கும் பொருளுக்கு உத்தரவாதம் உண்டு’ என்று வழிகாட்டி கனிவுடன் எடுத்துரைக்கிறார்.

இந்த ஏற்பாட்டின் மறுபக்கம் பயணியின் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை. அந்த வழிகாட்டி பெரும்பாலும் கப்பல் நிறுவனத்தின் ஊழியர் அல்லர். விளம்பரப் பணிக்கென ஒப்பந்தம் செய்துகொண்ட வேறொரு நிறுவனத்தைச் சேர்ந்தவர். பட்டியலில் இடம்பெறுவதற்காகக் கடைக்காரர்கள் பணம் செலுத்துகிறார்கள். உத்தரவாதம் என்பதும் பொதுவாகக் குறிப்பிட்ட நாள்களுக்குள் பழுதான பொருளைச் சரிசெய்து தருவதையோ மாற்றித் தருவதையோ குறிக்கிறதேயன்றி, கொடுத்த விலை நியாயமானது என்பதற்கு உறுதி அளிப்பதில்லை. ‘இதே பொருள் வேறிடத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே’ என்று பின்னர் முறையிடுபவருக்கு அந்த உத்தரவாதத்தில் இடமில்லை.

‘சுங்கவரி இல்லை’ என்ற அறிவிப்பும் இத்தகைய மயக்கத்தை உண்டாக்கவல்லது. பிற நாடுகளிலிருந்து திரும்பும் அமெரிக்கர் பொதுவாக 800 டாலர் மதிப்புள்ள பொருள்களை வரியின்றிக் கொண்டுவரலாம். விர்ஜின் தீவுகளிலிருந்து வருவோருக்கு அவ்வரம்பு 1,600 டாலர். இது அரசு தரும் சலுகை. கடைக்காரர் விதிக்கும் விலையை இச்சலுகை கட்டுப்படுத்துவதில்லை. வரியில் மிஞ்சியதைப் போலப் பலமடங்கு விலையில் போய்விடவும் கூடும்.

நீலக்கல்லின் பயணம்

இத்துறைமுகங்களில் பெரிதும் விற்பனையாகும் கற்களுள் ஒன்று டான்சனைட். 1967-ஆம் ஆண்டில் தான்சானியா நாட்டின் மெரெலானிக் குன்றுகளில் இது கண்டெடுக்கப்பட்டது. மறு ஆண்டில் நியூயார்க்கைச் சேர்ந்த புகழ்பெற்ற நகை நிறுவனம் ஒன்று இதற்கு இப்பெயரைச் சூட்டிச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மண்ணிலிருந்து எடுக்கும்போது பெரும்பாலும் பழுப்பாக இருக்கும் இக்கல், சூடேற்றிய பிறகே அழகிய நீலமும் ஊதாவும் கலந்த நிறம் பெறுகிறது. இதைப் பட்டை தீட்டும் முக்கிய மையம் நம் நாட்டின் ஜெய்ப்பூர் நகரம். ஆப்பிரிக்க மண்ணில் தோன்றி, இந்தியத் தொழிலாளியின் கையால் ஒளிபெற்று, கரீபியன் கடைவீதியில் விலைபேசப்படுகிறது அந்தக் கல்.

கல்லின் உண்மையான மதிப்பைச் சாதாரண மனிதர் பார்வையால் அறிய முடியாது. நிறம், தெளிவு, எடை ஆகியவற்றில் காணும் நுண்ணிய வேறுபாடுகளால் விலை வெகுவாக மாறுபடும். வாங்குபவருக்கு அந்த அறிவு இல்லை, விற்பவருக்கு உண்டு. அரிசியோ துணியோ வாங்கும்போது தம் அனுபவத்தைத் துணைகொள்ளும் ஒருவர், இங்கே பிறர் வாக்கை மட்டுமே துணைகொள்ள வேண்டியிருக்கிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் திருமணமாகி நாற்பதாண்டுகள் நிறைந்ததை முன்னிட்டு அத்தகைய கப்பலில் செல்வதாகக் கொள்வோம். பட்டியலில் கண்ட கடையில், நாலாயிரம் டாலர் என்று எழுதி, ‘தங்கள் கப்பலின் விருந்தினருக்காகப் பாதி விலை’ என்று தரப்படும் நீலக்கல் மோதிரத்தை இரண்டாயிரத்துக்கு அவர் வாங்குகிறார். ஊர் திரும்பியபின் நகை மதிப்பீட்டாளர் ஒருவர், ‘எண்ணூறு டாலர் பெறும்’ என்கிறார். கல் போலியன்று. ரசீதும் முறையானது. எவர்மீதும் வழக்குத் தொடுக்க வழியில்லை. ஆயினும் அந்த மோதிரத்தை அணியும் ஒவ்வொரு முறையும் அன்பின் நினைவோடு ஏமாற்றத்தின் நினைவும் சேர்ந்தே எழும். பணத்தை விடவும் பெரிய இழப்பு அது. இனி உண்மையாகவே நல்லது சொல்லும் ஒருவரையும் அத்தம்பதியர் ஐயத்துடன்தான் நோக்குவர்.

ஆப்தர் யார்?

பிறர் சொல் எப்போது அறிவுக்கு ஆதாரமாகும் என்ற வினாவை இந்தியத் தத்துவ ஞானிகள் மிக ஆழமாக ஆராய்ந்துள்ளனர். நியாய தரிசனம், நம்பத்தக்கவரின் உபதேசத்தைப் பிரமாணங்களுள் ஒன்றாக ஏற்கிறது. அத்தகையவரே ஆப்தர். அதற்கு உரை கண்ட வாத்ஸ்யாயனர் ஆப்தரின் இலக்கணத்தை விளக்கும்போது இரண்டு அம்சங்களை வலியுறுத்துகிறார்: அவர் பொருளை நேரே அறிந்திருக்க வேண்டும், அறிந்ததை அறிந்தவாறே பிறருக்குத் தெரிவிக்கும் விருப்பத்தால் தூண்டப்பட்டுப் பேச வேண்டும். இந்த இலக்கணம் ரிஷிகளுக்கு மட்டும் உரியதன்று, எந்நாட்டவருக்கும் எக்குலத்தவருக்கும் பொது என்றும் அவர் கூறுவது கவனிக்கத்தக்கது. ஆகவே கப்பலின் வழிகாட்டியும் ஆப்தராக விளங்க முடியும். ஆனால் அவரது பேச்சைத் தூண்டுவது பட்டியலுக்காகச் செலுத்தப்பட்ட கட்டணமாக இருக்கும்போது இரண்டாம் அம்சம் தளர்ந்துவிடுகிறது. அவர் கடைகளை நன்கு அறிந்தவராக இருக்கலாம். அறிந்ததை அறிந்தவாறே சொல்லும் சுதந்திரம் அவருக்கு இல்லை.

‘எல்லா விளம்பரமும் பணத்துக்காகத்தானே செய்யப்படுகிறது? இதில் மட்டும் என்ன குற்றம்?’ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். செய்தித்தாளில் வரும் விளம்பரத்தை விளம்பரம் என்று அறிந்தே வாசகர் படிக்கிறார். அதற்கேற்ற எச்சரிக்கையும் அவரிடம் இருக்கிறது. பரிந்துரையோ நட்பின் உடையணிந்து வருகிறது. தன்னைப் பல நாள்களாக உபசரித்து, உணவளித்து, பாதுகாத்துவரும் கப்பலே பேசுவதாகப் பயணி எண்ணுகிறார். அந்த நல்லெண்ணம்தான் இங்கே விற்பனைச் சரக்காகிறது. அது பயணிக்கு உரியது. அதை விற்பதற்கு அவரிடம் எவரும் அனுமதி பெறவில்லை.

மௌனமும் மறைத்தலும்

‘பொய் எதுவும் சொல்லவில்லையே’ என்பது அடுத்து எழும் வாதம். இதை ஒத்த ஒரு விவாதத்தை ரோமானிய அறிஞர் சிசெரோ கி.மு. 44-ஆம் ஆண்டில் எழுதிய ‘கடமைகள்’ என்னும் நூலில் காணலாம். ரோட்ஸ் தீவில் கடும் பஞ்சம். அலெக்சாண்ட்ரியாவிலிருந்து தானியக் கப்பலுடன் நேர்மையான வணிகர் ஒருவர் அங்கு வருகிறார். மேலும் பல தானியக் கப்பல்கள் பின்னால் வந்துகொண்டிருப்பதை அவர் மட்டும் அறிவார். அதைச் சொன்னால் விலை இறங்கிவிடும். சொல்லவேண்டுமா, வேண்டாமா? பொருளின் குறையைச் சட்டப்படி சொன்னால் போதும், மற்றவற்றைச் சொல்லாதிருப்பது மறைத்தலாகாது என்று டயோஜெனிஸ் என்னும் ஸ்டோயிக் அறிஞர் வாதிடுகிறார். மானிட சமுதாயத்துக்குப் பணிபுரியக் கடமைப்பட்டவன் அவ்வாறு மௌனம் சாதிக்கலாகாது என்கிறார் அவருடைய மாணவரான ஆண்டிபேட்டர். சிசெரோ மாணவரின் பக்கமே தீர்ப்பளிக்கிறார். வெறும் மௌனம் வேறு, மறைத்தல் வேறு. அறிந்தால் பிறருக்கு நன்மை தருவதைத் தன் இலாபத்துக்காக அவர் அறியாமல் இருக்கும்படி செய்வதே மறைத்தல் என்பது அவர் முடிவு.

யோக சூத்திரங்களுக்கு உரை எழுதிய வியாசரும் வாய்மையைப் பற்றி இதே திசையில் சிந்திக்கிறார். தன் உள்ளத்திலுள்ள அறிவைப் பிறர் உள்ளத்துக்குக் கொண்டுசேர்ப்பதற்காகவே சொல் பிறக்கிறது. அது கேட்பவரை வஞ்சிப்பதாகவோ மயக்குவதாகவோ பயனற்றதாகவோ இருக்கலாகாது என்பது அவர் கருத்து. சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்து ‘இதில் பொய் எங்கே?’ என்று தேடுவது இந்த அளவுகோலுக்கு ஒத்துவராது. கேட்டவர் உள்ளத்தில் எது போய்ச் சேர்ந்தது என்பதே கேள்வி. ‘இக்கடை பரிந்துரைக்கப்பட்டது’ என்று கேட்ட பயணியின் உள்ளத்தில், ‘பல கடைகளை ஆராய்ந்து, நல்லதைத் தேர்ந்து சொல்கிறார்கள்’ என்ற எண்ணம் பதிகிறது. அந்த எண்ணம் உண்மைக்கு மாறானது என்பதைச் சொல்பவர் அறிவார். ஆகவே சொற்கள் மெய்யாயினும் வாய்மை அங்கே இல்லை.

அமெரிக்காவின் அலாஸ்கா மாநில மக்கள் இந்த வேறுபாட்டை உணர்ந்திருந்தனர். கெச்சிகன், ஜூனோ, ஸ்காக்வே போன்ற அவர்களுடைய துறைமுகங்களுக்கும் கோடைதோறும் கப்பல்கள் வருகின்றன. 2006-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அம்மாநில வாக்காளர்கள் கப்பல்களைக் குறித்து அங்கீகரித்த விதிகளுள், பணம் பெற்றுக்கொண்டு ஒரு கடையைக் கப்பலில் பரிந்துரைப்பவர் அச்செய்தியைப் பயணிகளுக்கு வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்பதும் இடம்பெற்றது. பரிந்துரைப்பதை அவ்விதி தடுக்கவில்லை. மறைக்கப்பட்டிருந்த ஒரு செய்தியைச் சேர்த்துச் சொல்லும்படி மட்டுமே கோரியது. அந்த ஒரு வாக்கியம் சேர்ந்தவுடன் பரிந்துரை மீண்டும் விளம்பரமாகி, கேட்பவரின் விவேகம் விழித்துக்கொள்கிறது.

வாங்குபவரின் பங்கு

தவறு முழுவதும் ஒரு பக்கத்தில் மட்டுமே இருப்பதாகக் கருதுவதும் சரியாகாது. பணம் செலுத்தாவிட்டால் கூட்டம் தம் வாசலைக் கடந்து போய்விடும் என்ற அச்சத்தால் பட்டியலில் சேரும் கடைக்காரரும் ஒருவகையில் நெருக்கப்படுபவரே. அவர் செலுத்திய கட்டணத்தை விலையில் ஏற்றித்தான் மீட்க வேண்டியிருக்கிறது. பட்டியலில் இல்லாத, நியாய விலைக்கு விற்கும் சிறு கடைக்காரரும், தம் கையால் பொருள் செய்து விற்கும் உள்ளூர்க் கைவினைஞரும் இதனால் வாடிக்கையாளரை இழக்கின்றனர். அவர்களுடைய நஷ்டத்தை எந்த ரசீதும் காட்டுவதில்லை.

பயணியும் தம் உள்ளத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். ‘நாலாயிரம் பெறுவது இரண்டாயிரத்துக்குக் கிடைக்கிறது’ என்று மகிழும்போது அங்கே பேசுவது நம்பிக்கை மட்டுமா? கொடுப்பதைவிட அதிகம் பெறவேண்டும் என்ற ஆசையும் மெல்லிய குரலில் பேசுகிறது. கப்பல் புறப்படும் நேரம் நெருங்க நெருங்க அக்குரல் வலுக்கிறது. நம்பிக்கை ஒருவரை ஏமாற்றத்துக்கு ஆளாக்கலாம். ஆசை அவரை அதற்கு விரைந்து அழைத்துச் செல்கிறது. எனினும் ஏமாந்தவரின் பலவீனம் ஏமாற்றியவரின் குற்றத்தைக் குறைத்துவிடாது. கதவைத் தாழிடாமல் உறங்கியவர் கவனமற்றவர்தான். அதனால் உள்ளே நுழைந்தவர் விருந்தினர் ஆகிவிடமாட்டார்.

ஆகவே பயணிக்குத் தேவைப்படுவது எவரையும் நம்பாத கடுமையன்று. இரண்டு கேள்விகள் போதும். ‘இதைச் சொல்வதற்காக உங்களுக்கு யார் பணம் தருகிறார்கள்?’ என்பது பரிந்துரைப்பவரிடம் கேட்கவேண்டியது. ‘என் ஊரில், நாளை ஒரு நாள் யோசிக்க அவகாசம் இருந்தால், இதே பொருளை இதே விலைக்கு வாங்குவேனா?’ என்பது தன்னிடமே கேட்கவேண்டியது. முதல் கேள்வி பிறர் மறைத்ததை வெளிக்கொணரும். இரண்டாவது கேள்வி தன் உள்ளம் மறைத்ததை வெளிக்கொணரும்.

மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில் ஜாஜலி என்னும் தவசியின் வரலாறு வருகிறது. தலைமுடியில் பறவைகள் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும் வரை அசையாது நின்று தவம் செய்த அவர், தமக்கு நிகரில்லை என்று செருக்குற்றபோது, தர்மத்தைக் கற்க வாரணாசியில் கடை நடத்தும் துலாதாரரிடம் செல்லும்படி பணிக்கப்படுகிறார். அந்த வணிகர் தம் பெருமையாக எடுத்துக்காட்டியது தராசைத்தான். அது எல்லோருக்கும் சமமாக நிற்கிறது. அறிந்தவர் வந்தாலும் அறியாதவர் வந்தாலும் ஒரே அளவைக் காட்டுகிறது. பொருளை நிறுக்கும் தராசுக்கு இருக்கவேண்டிய அந்தச் சமநிலை, பொருளைப் பற்றிப் பேசும் நாவுக்கும் வேண்டும். கடைக்கு வழிகாட்டுவதும் ஒருவகை நிறுத்தலே. அத்தராசின் ஒரு தட்டில் முன்னதாகவே பணம் வைக்கப்பட்டிருந்தால், நிறுப்பவர் அதைக் கேட்பவருக்குச் சொல்லிவிட வேண்டும்; சொல்ல மனமில்லையானால் அத்தராசைக் கையில் எடுக்காதிருப்பதே அவருக்கு அழகு.