ஈர விறகும் அறப்பொறியும்

மழையில் நனைந்த காட்டில் தீமூட்டப் பழகுவோர், சீரியமும் இரும்பும் கலந்த கோலைக் கத்தியின் முதுகால் சுரண்டுவர். தெறிக்கும் பொறியின் வெப்பம் ஏறத்தாழ 3000 பாகை. ஆயினும் ஈரவிறகு பற்றாது. உள்ளிருக்கும் நீர் ஆவியாகும்வரை அது 100 பாகையைக் கடவாது. பற்றுதற்கோ ஏறத்தாழ 300 பாகை வேண்டும். ஆதலின் நின்றபடியே பட்டுப்போன கிளையைப் பிளந்து, உலர்ந்த உள்மரத்தைச் சீவிப் பொறியை ஏற்பர்.

அறவுரையும் பொறியே. வெகுளி, செருக்கு, வஞ்சம், பேராசை என்னும் நான்கு கஷாயங்களும் நம்மை நனைத்துள்ளன. நெஞ்சின் ஈரமாகிய அருள் வேறு. வினைத்தூசு ஒட்டும் இவ்வீரம் வேறு. நாளும் 48 நிமிடம் சாமாயிகத்தில் அமர்ந்து இதனை உலர்த்துவோம். புறத்தீ ஓரறிவுயிர்களின் உடல். தேவைக்கு மேல் மூட்டலாகாது. தவத்தீயோ எவ்வுயிரையும் வருத்தாமல் வினையை உதிர்க்கும்.