ஊனும் தீட்டும்

காலின் தமனி அடைபட்டால் டாக்ரான் போன்ற செயற்கைக் குழாயைத் தைத்து ரத்தத்துக்கு மாற்றுவழி போடுகிறார்கள். அந்தக் குழாயில் கிருமி குடியேறினால் பெரும் சங்கடம். உயிரற்ற பரப்பில் பாக்டீரியா பிசுபிசுத்த படலம் கட்டிப் பதுங்கிக்கொள்ளும். ஆண்டிபயாடிக் அதை எளிதில் எட்டாது. பெரும்பாலும் குழாயையே எடுத்தாக வேண்டும். பிறகு பாதத்துக்கு ரத்தம்? நோயாளியின் சொந்தச் சிரை கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. கவட்டையில் சீழ் என்றால், இடுப்பெலும்பின் துளை வழியே சுற்றிப்போய்த் தொடையில் இணைப்பதும் உண்டு. சிரை ஏற்கெனவே இதய பைபாஸுக்குச் செலவாகியிருந்தால், இறந்தவர் தந்த ரத்தக்குழாயையோ, பதப்படுத்திய மாட்டு இதய உறையில் செய்த குழாயையோ நாட வேண்டியிருக்கும். எது நிலைக்கும் என்பதை மருத்துவர் சொல்லட்டும். பிணத்தின் ஊனும் மாட்டின் சவ்வும் பக்தனின் உடம்பில் ஏறலாமா என்ற கேள்விக்குக் காளத்தியில் பாதி விடை இருக்கிறது.

திருப்பதி மாவட்டத்தில் உள்ள காளத்தி, கண்ணப்பரின் தலம். சேக்கிழார் சொல்லும் கதையில், பின்னர் கண்ணப்பரான வேடன் திண்ணன் வாயில் முகந்த நீரால் இறைவனை நீராட்டுகிறான். சுவைத்துப் பார்த்த இறைச்சியைப் படைக்கிறான். விதிப்படி பூசை செய்யும் சிவகோசரியார் பதறுகிறார், இறைவன் ஏற்றுக்கொள்கிறார். லிங்கத்தின் கண்ணில் குருதி வழிந்தபோது திண்ணன் முதலில் பச்சிலைதான் தேடுகிறான். அது பலிக்காத பிறகே தன் கண்ணைப் பெயர்த்து அப்புகிறான். பொருளில் தீட்டில்லை, கொடுப்பவரின் அன்பே அதைத் தூய்மையாக்குகிறது என்றால், மனமுவந்து தந்த இறந்தவரின் குழாயில் மட்டும் தீட்டு எங்கிருந்து வரும்? உடம்பு முழுதாகச் சிதையேற வேண்டும் என்பவர்களுக்கு, கண்ணைப் பெயர்த்த உடம்பைத்தான் சைவம் வணங்குகிறது என்பதே பதில்.

கண்ணப்பர் விதிவிலக்கு, பக்தியின் உச்சம், அதை எல்லோருக்கும் சட்டமாக்கலாமா என்று கேட்கலாம். கண்ணைப் பெயர்ப்பது நிச்சயமாக எல்லோருக்கும் அல்ல. ஆனால் தீட்டு பற்றிய பாடத்தை இறைவன் புகட்டுவது திண்ணனுக்கு அல்லவே; கனவில் வந்து, மறைந்திருந்து பார்க்கச் சொல்லி, விதியைக் காக்கும் சிவகோசரியாருக்குத்தான் புகட்டுகிறார். இதைவிட வலுவான தடை மாட்டைப் பற்றியது. மாடு எதையும் மனமுவந்து தரவில்லை. இங்கே கண்ணப்பர் துணைக்கு வரமாட்டார். அவர் அடித்த பன்றியிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கொல்லாமையை விரதமாகக் கொண்டவரின் மறுப்பு தீட்டைப் பற்றியதே அல்ல, உயிரைப் பற்றியது. அதைத் தீட்டு வாதத்தால் தள்ளிவிட முடியாது. ஆகவே வைக்கப்போவது எதனால் ஆனது என்று அறுவைக்கு முன்பே நோயாளிக்குச் சொல்லியாக வேண்டும்; ‘உயிரியல் குழாய்’ என்று மழுப்பக் கூடாது. மறுப்பவருக்கு மற்றக் காலின் சிரை, கைச் சிரை எல்லாம் தேடிப் பார்க்கலாம். அவையும் இல்லையென்றால் மனிதர் தந்த குழாய்தான். உறுப்பு தானச் சட்டம் 2011 திருத்தத்திலிருந்து திசுக்களையும் சேர்த்துக்கொண்டது, ஆனால் தானத்தைச் சட்டம் தராது, குடும்பங்கள்தான் தர வேண்டும். மாட்டுக் குழாயை அறத்தின் பெயரால் மறுப்பவர், தம் வீட்டில் ஒருவர் இறக்கும்போது தானப் படிவத்தையும் மறுத்தால், அந்த அறத்தின் விலையை வேறொருவரின் காலில் வசூலிக்கிறார்.