கணக்கில் ஏறாத கடன்

பெரியோர் வாழ்ந்த வீடொன்றைக் காணச் செல்லும்போது நாம் உண்மையில் எதனைக் காணச் செல்கிறோம் என்பது எண்ணிப் பார்க்கத்தக்க வினா. தூணும் முற்றமும் நம் ஊர்ப்புறங்களிலும் உண்டு. கட்டிலும் நாற்காலியும் நம் வீட்டிலும் உண்டு. ஆயினும் காலணியைக் கழற்றி வைத்து, குரலைத் தாழ்த்தி, கோயிலுக்குள் புகுவதுபோலப் புகுகிறோம். அங்கு வாழ்ந்தவர்கள் நமக்கென ஏதோ ஒன்றை விட்டுச் சென்றிருக்கிறார்கள் என்னும் எண்ணமே இதற்குக் காரணமாதல் வேண்டும். அவர்கள் விட்டுச் சென்றது புகழா, பொருளா, அன்றிக் கடனா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் பொருள்.

சென்ற குளிர்காலத்தில் ஒரு நாள் காலை, மனைவி மக்களுடன் காளிகாட்டில் மெட்ரோ ஏறி, கிரீஷ் பார்க்கில் இறங்கி, ஜோராசாங்கோவில் உள்ள தாகூர் மாளிகையைக் காணச் சென்றோம். இந்நகரில் பதினெட்டு ஆண்டுகள் அரசுப் பணியில் கழித்தும், ஊரிலிருந்து விருந்தினர் வரும்போது காளி கோயிலையும் விக்டோரியா மண்டபத்தையும் காட்டி அனுப்பினோமேயன்றி, இவ்வீட்டுக்குச் சென்றதில்லை. மூத்த மகள் ஒன்பதாம் வகுப்பில் வங்க மொழியும் பயில்கிறாள். அவள் வற்புறுத்தலே எங்களை அங்கு அழைத்துச் சென்றது.

சித்பூர் சாலை என்று முதியோர் இன்றும் கூறும் இரவீந்திர சரணியின் நெரிசலிலிருந்து, துவாரகாநாதர் பெயர் தாங்கிய சந்துக்குள் திரும்பினால் செந்நிற மாளிகை எதிர்ப்படுகிறது. உடன்பிறந்தாருடன் ஏற்பட்ட பிணக்கினால் பாதுரியாகட்டாவின் குடும்ப வீட்டை விட்டு வெளியேறிய நீலமணி தாகூர் 1784ஆம் ஆண்டில் இங்கு வீடு கட்டினார். பங்காளிப் பூசலில் பிறந்த வீடு என்று அறிந்தபோது, இம்மாளிகை எங்களுக்குச் சற்றே நெருங்கியதாகத் தோன்றியது. 1861 மே 7ஆம் நாள் இரவீந்திரநாதர் பிறந்ததும், 1941 ஆகஸ்டு 7ஆம் நாள் மறைந்ததும் இவ்வீட்டிலேயே. 1962 முதல் அவர் பெயரால் அமைந்த பல்கலைக்கழகம் இவ்வளாகத்தில் இயங்குகிறது. கவிஞர் இறுதி மூச்சு விட்ட அறையின் முன் எல்லோரும் வாய்மூடி நின்றோம். எனினும், அன்று எம் உள்ளத்தைப் பற்றிக்கொண்டவர் கவிஞர் அல்லர். அவருடைய தந்தையாரும் பாட்டனாருமே.

பாட்டனார் துவாரகாநாதர் 1794இல் பிறந்தவர். நிலக்கிழார், வணிகர், வங்கியாளர் எனப் பல துறையில் பெருஞ்செல்வம் ஈட்டியவர். 1834இல் ஆங்கிலேயர் ஒருவருடன் கூட்டுச் சேர்ந்து ‘கார், தாகூர் கம்பெனி’யைத் தொடங்கினார். நிலக்கரிச் சுரங்கம், நீராவிப் படகு, அவுரி, பட்டு, சீனத்துக்குச் சென்ற அபினிக் கப்பல் ஆகிய அனைத்திலும் அவர் கை இருந்தது. ‘பிரின்ஸ்’ என்று ஊரார் அழைக்க, இளவரசரைப் போலவே செலவிட்டு, 1846 ஆகஸ்டில் இலண்டன் மாநகரில் காலமானார். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் யூனியன் வங்கி முறிந்தது. கம்பெனியும் உடன் முறிந்தது.

அப்போது மூத்த மகன் தேவேந்திரநாதருக்கு வயது முப்பது. அவர் தம் தன்வரலாற்றில் தரும் கணக்கின்படி, கொடுக்க வேண்டிய கடன் ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய். வரவேண்டியது எழுபது இலட்சம். துண்டு விழுந்தது முப்பது இலட்சம். ஆனால் துவாரகாநாதர் முன்யோசனை மிக்கவர். 1840ஆம் ஆண்டிலேயே முக்கியமான ஜமீன் நிலங்களைக் கடன்காரர் கைபடாதவாறு டிரஸ்டுப் பத்திரம் எழுதி வைத்திருந்தார். சட்டம் அந்நிலங்களைத் தீண்ட இயலாது. தேவேந்திரநாதரோ தம் தம்பியின் இசைவுடன், கடன்காரர்களைக் கூட்டி, அந்நிலங்களையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அவர்கள் நெகிழ்ந்து, குடும்பச் செலவுக்கு ஒரு தொகையை ஒதுக்கிக் கொடுத்தனர். பல ஆண்டுகள் சிக்கனமாக வாழ்ந்து கடன் அடைக்கப்பட்டது. தந்தையார் அறச்சங்கம் ஒன்றுக்குத் தருவதாக வாயால் சொல்லித் தராமற்போன ஓர் இலட்ச ரூபாயையும் மகன் வட்டியுடன் செலுத்தினார்.

இவ்வரலாற்றை மகளுக்கு எடுத்துரைத்தோம். அவள், “கடன் வாங்கினால் கொடுக்கத்தானே வேண்டும் அப்பா? இதில் என்ன பெருமை?” என்றாள். வாங்கியவர் வேறு, கொடுத்தவர் வேறு என்று விளக்கினோம். சற்று நேரம் பேசாதிருந்தவள், “அந்த முப்பது இலட்சம் எங்கிருந்து வந்தது?” என்று கேட்டாள்.

எளிய வினாவே, ஆயினும் விடை கூற நாவெழவில்லை. அப்பணம் நிலத்திலிருந்து வந்தது. நிலத்தின் பணமாவது, பத்மை ஆற்றங்கரைக் கிராமங்களில் உழுதவன் செலுத்திய குத்தகை. கடன்காரர் பட்டியலில் வங்கியின் பெயர் இருந்தது. வணிகர் பெயர்கள் இருந்தன. உழவன் பெயர் இல்லை. அபினியால் அழிந்த சீனத்துக் குடும்பம் ஒன்றின் பெயரும் இல்லை. ஏட்டில் எழுதப்பட்ட கடனை ஏட்டில் எழுதப்படாதவன் உழைப்பால் தீர்த்தார்கள் என்றால், அக்கடன் தீர்ந்ததா, அன்றி இடம் மாறியதா?

இதனால் தேவேந்திரநாதர் செயல் சிறுமையுற்றது என்பது எம் கருத்தன்று. சட்டம் விடுவித்தும் மனச்சான்று விடுவிக்கவில்லை என்று நின்றவர் அவர். அவர் காலத்தில் அங்ஙனம் நின்றவர் சிலரே. ஆயினும், ஒரு நற்செயலின் எல்லையை அறிவதும் அதற்குச் செய்யும் மரியாதையே. அவ்வெல்லைக்கு அப்பால் ஓரடி வைத்தவர் அவருடைய மகனே எனலாம். 1890 வாக்கில் ஜமீன் நிர்வாகத்தை ஏற்று ஷிலைதாவிலும் பதிசரிலும் தங்கிய இரவீந்திரநாதர், வட்டிக்கடைக்காரரிடம் சிக்கிய குடியானவர்களுக்காக 1905இல் பதிசரில் ஓர் உழவர் வங்கியைத் தொடங்கினார். 1913இல் பெற்ற நோபல் பரிசுத் தொகையின் பெரும்பகுதியை அவ்வங்கியில் இட்டார். குத்தகையாக வந்தது கடனுதவியாகவேனும் திரும்பிச் சென்றது. முழுக் கணக்கும் அதனால் நேராகிவிடவில்லை. எனினும், பட்டியலில் இல்லாத ஒருவன் பெயரை அவர் எழுதத் தொடங்கினார்.

தமிழில் ‘கடன்’ என்னும் சொல் இரு பொருள் தருவது. பிறரிடம் பெற்றதும் கடன். செய்ய வேண்டியதும் கடன். தலைக்கடன், கடமை, நீத்தார் கடன் என்றெல்லாம் வழங்குகிறோம். நம் முன்னோர் இவ்விரண்டையும் ஒரே சொல்லில் அடக்கியது சொற்பஞ்சத்தாலன்று. பெறாமல் எவனுக்கும் கடமை பிறப்பதில்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர் என்றே நாம் கொள்கிறோம். ஆனால் காலப்போக்கில் எழுதிய கடனை முதற்பொருளாகவும், எழுதாக் கடனைப் பேச்சழகாகவும் ஆக்கிக்கொண்டோம்.

பிறர் வீட்டுக் கணக்கை இவ்வளவு தூரம் பார்த்த நாம், நம் வீட்டுக் கணக்கையும் திறந்து காட்டுவதே நேர்மை. எங்கள் தந்தையார் காவிரிக்கரைச் சிற்றூர் ஒன்றில் மளிகைக் கடை வைத்திருந்தார். 2016இல் அவர் மறைந்தபோது, கல்லாப்பெட்டியின் அடியில் ஒரு சிறு குறிப்பேடு கிடைத்தது. அதில் அவர் கையெழுத்தில் பதினொரு பெயர்கள், எதிரே தொகைகள். கூட்டிப் பார்த்தால் ஒரு இலட்சத்து எண்பத்தாறாயிரம். புரோநோட்டு ஒன்றுகூட இல்லை. கைமாற்றுக் கடனைக் கேட்டு வழக்கிடச் சட்டம் தரும் தவணை மூன்றாண்டு. அதுவும் பலவற்றுக்குக் கடந்துவிட்டது. தந்தையின் கடனை மகன் தீர்த்தே ஆகவேண்டும் என்றிருந்த பழைய இந்துச் சட்டக் கொள்கையையும் 2005ஆம் ஆண்டுத் திருத்தம், அதன்பின் பட்ட கடன்களுக்கு, நீக்கிவிட்டது. எவரும் எங்களைக் கேட்கவும் இல்லை. எனினும் தமையனாரும் நாமும் தம்பியும் கலந்து பேசி, நான்கு ஆண்டுகளில் பதினொரு பேர் கடனையும் தீர்த்தோம். பூக்காரம்மாள் ஒருவர் அதற்குள் மறைந்துவிட, அவர் பேரனைத் தேடிப் பிடித்துக் கொடுத்தோம். ஊரார் வாழ்த்தினர். நாங்களும் உள்ளூர மகிழ்ந்தோம். தேவேந்திரநாதர் வரலாற்றை மகளுக்குச் சொன்னபோது எம் குரலில் ஒரு பெருமிதம் கலந்திருந்ததற்குக் காரணம் இதுவே.

அப்பெருமிதத்தைக் கலைத்தவர் எம் மனைவியார். கவிஞரின் துணைவியார் மிருணாளினி தேவியின் நினைவுகளைத் தாங்கிய பகுதியில் நின்றுகொண்டிருந்தோம். இளம் வயதில் மணமுடித்து இவ்வீட்டுக்கு வந்த அவருக்குப் பிறந்த வீட்டில் இட்ட பெயர் பவதாரிணி. அப்பெயரும் இங்கு மாற்றப்பட்டது. 1901இல் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கப் பொருள் போதாதபோது தம் நகைகளைத் தந்தவர் அவர். மறு ஆண்டு நவம்பரில் முப்பது வயது நிறையுமுன் மறைந்தார். இதனைக் கேட்ட மனைவியார் மெல்லிய குரலில், “இந்த அம்மாள் நகையை யார் திருப்பிக் கொடுத்தார்கள்?” என்றார். பிறகு எம் முகத்தைப் பாராமலே, “உங்கள் அக்கா வளையலை யார் கொடுத்தார்கள்?” என்றார்.

எங்கள் தமக்கையார் பத்தாம் வகுப்போடு நின்றவர். கடைக்கும் வீட்டுக்கும் ஆள் வேண்டும் என்று நிறுத்தப்பட்டார். நாம் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, அவர் திருமணத்துக்கென்று செய்து வைத்திருந்த இரு வளையல்கள் அடகுக்குப் போயின. அவை மீளவில்லை. அந்த பி.ஏ. பட்டமே இன்று நாம் உண்ணும் சோறு. தந்தையாரின் குறிப்பேட்டில் பூக்காரம்மாள் பெயர் இருந்தது. பால்காரர் பெயர் இருந்தது. மகள் பெயர் இல்லை. வீட்டுக்குள் வாங்கியதைக் கடனென்று எழுதும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. எந்த வீட்டில் உண்டு?

இதனினும் வெட்கத்துக்குரியதையும் சொல்லிவிடுகிறோம். ஊரில் உள்ள வீட்டை விற்பதென்று உடன்பிறந்தார் மூவரும் முடிவு செய்து, தமக்கையாரிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்க ஏற்பாடு செய்திருந்தோம். “கல்யாணத்தின்போதே அவளுக்கு எல்லாம் செய்தாயிற்று” என்பது தமையனார் வாதம். நாமும் தலையசைத்தோம். மகனுக்குத் தந்தையின் கடன்சுமையைக் குறைத்த அதே 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தின் அதே பிரிவுதான், பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு ஒப்பான உரிமையை வழங்கியது. தந்தை தாமே தேடிய சொத்தில் அவ்வுரிமை 1956 முதலே உள்ளது. சட்டம் வேண்டாமென்ற கடனைத் தேடிச் சென்று தீர்த்தோம். அது கொடு என்ற பங்கைக் கொடாமலிருக்கப் பத்திரம் எழுதினோம். முன்னதைக் கண்டு ஊர் வாழ்த்தியது. பின்னதையும் ஊர் தவறென்று கருதியிராது. ஆதலின் எங்களுக்கும் உறுத்தவில்லை. ஊரார் அறிய அடைக்கும் கடன் நமக்குப் புகழாகத் திரும்பி வருகிறது. வீட்டுக்குள் அடைக்க வேண்டிய கடனுக்கு அத்தகைய வட்டி இல்லை. அது நெடுங்காலம் நிலுவையில் நிற்பதன் காரணம் இதுவே போலும்.

அன்றிரவே தமையனாருக்கு எழுதினோம்: கையெழுத்துக் கேட்பதற்கில்லை, நால்வருக்கும் சமபங்கு. பின் தமக்கையாருக்குத் தொலைபேசியில் கூறினோம். அவர் மகிழ்வார், அழுவார், வேண்டாமென்று மறுப்பார் என்றெல்லாம் எதிர்பார்த்தோம். அவர் சிறிது நேரம் மௌனமாயிருந்துவிட்டு, “கையெழுத்து வாங்கணும்னும் நீங்களே முடிவு பண்ணினீங்க, வேண்டாம்னும் நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. வீட்டை விற்கலாமான்னு என்னை யாராவது கேட்டீங்களா தம்பி?” என்றார்.

கடனின் அளவைக் கடன்பட்டவனே குறித்துக்கொண்டு, அதனைத் தீர்த்துவிட்டதாகத் தானே கையெழுத்திட்டுக் கொள்ள இயலாது என்பதை அச்சொற்களில் அறிந்தோம். தேவேந்திரநாதர் செய்தவற்றுள் மிக அரியது, நிலத்தைக் கொடுக்க முன்வந்ததன்று. கடன்காரர்களை எதிரே அமர வைத்து, அவர்கள் சொல்வதைக் கேட்க இசைந்ததே. பத்மை ஆற்றங்கரை உழவனுக்கு அந்த இருக்கை கிடைக்கவில்லை. எங்கள் வீட்டில் தமக்கையாருக்கும் கிடைக்கவில்லை.

ஜோராசாங்கோவில் துவாரகாநாதர் விருந்தினர்க்கென எழுப்பிய மற்றொரு மாளிகையும் இருந்தது. அது பிற்காலத்தில் விற்கப்பட்டு இடிக்கப்பட்டது. நிற்பது ஒன்று, மறைந்தது ஒன்று. நாம் வெளியூரில் வாழ்பவர். வாடகை வீட்டிலும் அரசுக் குடியிருப்பிலும் காலம் கழிப்பவர். ஊர் வீட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கண் கலங்குபவர். அவ்வீடு நிற்குமோ விற்குமோ, நாம் அறியோம். தமையனாரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. விடுமுறைக்கு விண்ணப்பித்திருக்கிறோம். அடுத்த மாதம் ஊர் சென்று, அக்காவை நடுக்கூடத்தில் அமர வைத்து, அவர் சொல்வதை முதலில் கேட்பதென்று இருக்கிறோம். குறிப்பேட்டையும் எடுத்துச் செல்கிறோம். பதினொரு பெயருக்குக் கீழே இன்னும் இடம் இருக்கிறது.