யார் சொன்ன சரி?

வித்துராவிலிருந்து பொன்முடிக்கு ஏறும் பாதையில் ஒரு ஹோம்ஸ்டே நடத்துபவருக்கு, வந்து தங்கிப் போனவர்களின் சிரித்த முகத்தைவிட நல்ல விளம்பரம் கிடையாது. ‘படம் எடுக்கும்போது ஆசையாகத்தானே நின்றார்கள், இன்ஸ்டாகிராமில் போட இன்னொரு அனுமதி எதற்கு?’ என்று அவர் கேட்பார். நின்றது தங்கள் நினைவுக்காக. அதே படம் அறை வாடகையும் போன் நம்பரும் சுமந்துகொண்டு ஊரெல்லாம் சுற்றுவது வேறு காரியம்.

எதற்குச் சம்மதித்தார்கள், யார் சம்மதித்தார்கள் என்ற கேள்வி இந்த மலைக்குப் புதிதல்ல. 1987-ல் அகத்தியர் மலைக்குள் போன விஞ்ஞானிகளுக்கு வழிகாட்டிய காணிக்காரப் பழங்குடியினர், களைப்புத் தெரியாமல் நடக்கத் தாங்கள் தின்னும் ஆரோக்கியப் பச்சை என்ற செடியின் காயைக் கொடுத்தார்கள். செடியை வெகு தயக்கத்தோடுதான் காட்டினார்கள். பக்கத்துப் பாலோட்டிலுள்ள தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய்க்கு உரிமம் கொடுத்தது. அதில் பாதி காணிக்காரர்களுக்கு என்று ஏற்பாடு. வெளிநாடுகளிலும் இதை முன்மாதிரி என்றார்கள். ஆனால் பிளாத்தி எனப்படும் காணி வைத்தியர்கள் சிலர், தங்கள் அறிவைத் தனியார் கம்பெனிக்கு விற்பதை எதிர்த்து 1995-லேயே கேரள முதல்வருக்குக் கடிதம் எழுதினார்கள். செடியைக் காட்டியவர்களின் சம்மதம் இவர்களுடைய சம்மதம் ஆகிவிடவில்லை. பணத்தாலும் அது நேராகவில்லை. பாதிப் பங்கு கொடுத்தவர்களுக்கே இந்தப் பேச்சு என்றால், படத்துக்கு ஈடாகப் பில்லில் தரும் பத்து சதவீதத் தள்ளுபடி எம்மாத்திரம்!

தங்கும் விடுதியில் நடப்பதும் பெரும்பாலும் இதுதான். ரூம் புக் செய்தவர் ‘போட்டுக்கோங்க’ என்பார். படத்தில் அவரோடு மச்சினியும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும், ஆபீசில் வேறு காரணம் சொல்லி லீவு போட்டு வந்த நண்பரும் இருப்பார்கள். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் வற்புறுத்தலின்றி, நிபந்தனையின்றி, இன்ன நோக்கத்துக்கு என்று தெளிவாக இருக்க வேண்டும் என்கிறது. கொடுத்த அளவு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் சம்மதிக்க வேண்டும். செக்-இன் படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி சேர்ப்பது இதில் எதற்கும் ஈடாகாது. சாவி கைக்கு வராத நேரத்தில் யார் மறுத்துப் பேசுவார்கள்?

சின்னக் கடைக்காரர் இவ்வளவு காகிதத்துக்கு எங்கே போவார் என்பது நியாயமான கேள்விதான். காகிதமே வேண்டாம். பில் கட்டி முடிந்தபின், போடப்போகும் படத்தையும் வாசகத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, படத்திலுள்ள பெரியவர்கள் ஒவ்வொருவரிடமும், பிள்ளைகளுக்கு அவர்களின் பெற்றோரிடமும் கேட்டால் போதும். அவர்களுடைய ‘சரி’ அங்கேயே பதிவாகிவிடும். பதிலே வராவிட்டால் அது மறுப்பு. பத்துப் பேரில் ஒருவர் வேண்டாம் என்றால் அவர் இல்லாத படத்தைப் போடலாம், இல்லையென்றால் கல்லாற்றுப் பாறைகளைப் போடலாம். அவை ஆட்சேபிக்கப் போவதில்லை.