அந்த நாற்காலியில் நீ உட்கார்ந்தால்?



என் சொந்த வீட்டில், டிவி பெட்டிக்கு முன்பாக, ஆவியானவர் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரு பாடத்தை இன்று வெட்கத்தோடே அறிக்கையிடுகிறேன்.

அது 2012-ம் ஆண்டு. விஜய் டிவியில் நடிகர் சூர்யா ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’ நடத்திக்கொண்டிருந்தார். 1998-ல் இங்கிலாந்தில் தொடங்கி, 2000-ல் அமிதாப் பச்சன் மூலமாக இந்தியில் வந்த அதே வினாடி வினாதான். ஒரு கேள்வி, நாலு விடை. சரியாகச் சொல்லச் சொல்லப் பணம் ஏறும். தெரியாவிட்டால் ஜெயித்த மட்டும் வாங்கிக்கொண்டு எழுந்துவிடலாம். தப்பாகச் சொன்னாலோ, கைக்கு வந்ததில் பெரும்பகுதி போய்விடும்!

ராத்திரி சாப்பாட்டுத் தட்டோடு நாங்கள் உட்காருவோம். கேள்வி முடியுமுன்னே நான் “சி!” என்று கத்துவேன். அங்கே உட்கார்ந்திருப்பவர் கையைப் பிசைந்தால், “இதுகூடத் தெரியலையா? என்னத்தப் படிச்சாரோ!” என்பேன். என் விடை தப்பாகிவிட்டால், “நானும் அதைத்தான் நினைச்சேன், வாய் தவறிருச்சு” என்று சமாளிப்பேன். இழக்க எனக்கு என்ன இருந்தது? ஒன்றுமில்லை.

ஏழாவது படித்த என் மகள் ஒரு நாள் பழைய நோட்டு ஒன்றை எடுத்து வந்தாள். “அப்பா, சரியான விடை வர்றதுக்கு முன்னாடியே இதுல எழுதிரணும். எழுதினா அடிக்கக் கூடாது” என்றாள். அன்றைக்கு வந்த 9 கேள்வியில் எனக்கு 4 தப்பு! எல்லாம் தெரிந்த அப்பா என்ற பேர் ஒரே ராத்திரியில் போயிற்று.

அதே வாரம். நான் ஒரு குடோனில் சரக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். 40 மூட்டை சிமெண்ட் வந்து இறங்கியது. மேலதிகாரி, “ஐம்பதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுய்யா. எல்லா இடத்துலயும் நடக்கறதுதானே” என்றார்.

தேவபிள்ளையே, விடை எனக்குத் தெரியாதா? ஞாயிறு பள்ளியில் பொய் சொல்லலாமா என்று பிள்ளைகளிடம் கேட்கிறவனே நான்தான்! ஆனால் இப்போது அந்த நாற்காலியில் நானே உட்கார்ந்திருக்கிறேன். மகளின் ஸ்கூல் பீஸ், வீட்டு வாடகை, எல்லாம் கண் முன்னே வந்தது. டிவியில் விளையாடுகிறவருக்கு நண்பரிடம் போனில் கேட்க ஒரே ஒரு தரம்தான் அனுமதி, அதுவும் சில விநாடிதான். எனக்கோ கிருபாசனம் எந்நேரமும் திறந்திருந்தது. ஒரு வார்த்தைகூட நான் ஜெபிக்கவில்லை. 50 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அன்று ராத்திரி மகள் நோட்டை நீட்டினாள். “எழுதுங்கப்பா.” என் கை ஓடவில்லை. “ஏங்க, இன்னைக்கு வாயே திறக்கலையே?” என்றாள் என் மனைவி. ‘எழுதினா அடிக்கக் கூடாது’ என்ற பிள்ளையின் சொல் என் எலும்பில் குத்தியது.

பேதுருவைப் பாருங்கள். மேல்வீட்டு அறையில், பந்தியில் இருக்கும்போது, சாவுக்கும் தயார் என்று முந்திக்கொண்டு சொன்னான். உத்தமமான பதில்தான்! ஆனால் பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில், கரிநெருப்பண்டையில், ஒரு வேலைக்காரி கேட்டாளே, அதுதான் நிஜமான கேள்வி. அங்கே மூன்று தரம் தோற்றுப்போனான். ஆனாலும் உயிர்த்தெழுந்த ஆண்டவர் அவனைத் தள்ளிவிடவில்லை. திபேரியா கடற்கரையில் மறுபடியும் ஒரு கரிநெருப்பு! மூன்று தரம் மறுதலித்தவனிடம், தம்மேல் அன்பிருக்கிறதா என்று மூன்று தரம் கேட்டார். அல்லேலூயா! அவர் சமுகத்தில், தப்பாய் எழுதினவனுக்கும் திருத்தி எழுத இடம் உண்டு.

விடியுமுன் முழங்காலில் அழுதேன். காலையில் போய், “சார், நேத்து நான் எழுதினது பொய். வந்தது நாப்பதுதான்” என்று சொல்லி, 50-ஐ அடித்து 40 என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவர் முகம் சிவந்தது. அந்த மாதமே என்னை இரண்டு பஸ் மாறிப் போகிற வேறு குடோனுக்குத் தூக்கிப் போட்டார்கள். சம்பளம் கூடவில்லை, பஸ் செலவுதான் கூடிற்று. ஆனால் மகள் நோட்டை நீட்டும்போது தலைகுனியாமல் வாங்கினேன். அந்தச் சமாதானத்துக்கு விலை ஏது?

பிரியமானவர்களே, வீட்டில் குடும்பமாக உட்கார்ந்து பொது அறிவை வளர்ப்பதில் தவறில்லை. ஆனால் சபையின் பாயில் உட்கார்ந்துகொண்டு, அடுத்தவன் சோதனைக்கு விடை சொல்வது சுலபம். நாளைக்கு உன் கடையில், உன் ஆபீஸில், உன் வீட்டு அடுப்படியில் உனக்கென்று ஒரு கேள்வி வரும். அன்றைக்கு என்ன எழுதுவாய்? ஏற்கெனவே தப்பாய் எழுதியிருந்தால், இன்றைக்கே திருத்திவிடு!

ஜெபிப்போம்: ஆண்டவரே, நாவில் உள்ள பதில் எங்கள் கையிலும் இருக்கட்டும். விழுந்த இடத்தில் எங்களைத் திரும்ப நிறுத்தும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.