மனக்கோயிலும் அடகுச் சீட்டும்

திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார் நாயனார், சிவபெருமானுக்கு ஓர் ஆலயம் எழுப்பவேண்டும் என்று தணியாத ஆசை கொண்டு, அதற்குப் பொருள் தேடி எங்கெங்கோ அலைந்தும் ஒரு காசும் கிட்டாமையால், கல்லையும் மரத்தையும் தச்சரையும் கருவிகளையும் தம் மனத்துக்குள்ளேயே திரட்டிக்கொண்டு, நல்ல நாள் பார்த்து அஸ்திவாரம் இட்டு, இரவிலும் கண் துஞ்சாமல் நெடுநாள் உழைத்து, விமானமும் மதிலும் கிணறும் குளமும் குறைவின்றி மனத்திலேயே கட்டி முடித்தார் என்று பெரிய புராணம் கூறுகிறது. அதே காலத்தில் காஞ்சியில் பெரும்பொருள் செலவிட்டுக் கற்றளி எழுப்பியிருந்த பல்லவ மன்னனின் கனவில் இறைவன் தோன்றி, தாம் மறுநாள் பூசலாரின் கோயிலில் புக இருப்பதால் அவன் தன் பிரதிஷ்டையை வேறொரு நாளுக்குத் தள்ளி வைத்துக்கொள்ளும்படி பணித்தாராம்.

சிறு வயது முதல் எத்தனையோ முறை கேட்டு உருகிய இந்தச் சரிதத்துக்குள் ஒரு கடினமான கேள்வி மறைந்திருக்கிறது என்பதை எனக்கு உணர்த்தியவன் என் தங்கையின் மகன். இருபத்து நான்கு வயது. மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, எந்த நிறுவனத்தையும் சாராமல் சொந்தமாக ஒரு படம் எடுப்பதென்று சங்கல்பம் செய்துகொண்டவன். ஒரு மாலை வேளையில் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, ஒரு நீள நோட்டைப் பிரித்து வைத்தான். காமிரா வாடகை, லென்ஸ் வாடகை, வேன், ஒன்பது பேருக்குப் பன்னிரண்டு நாள் சாப்பாடு என்று வரிசையாக எழுதி, கூட்டி, அடிக்கோடு போட்டிருந்தான். அந்தக் கோட்டுக்குக் கீழே, பென்சிலால், அழித்து அழித்து எழுதிய தடத்தோடு, 'அம்மா வளையல் இரண்டு' என்று இருந்தது.

"மாமா, நான் கேக்கவே இல்ல. அம்மாவே கழற்றி மேஜை மேல வெச்சிட்டாங்க. வாங்கிக்கலாமா?" என்றான்.

என் தங்கை கணவனை இழந்தவள். அந்த இரண்டு வளையல்களுக்கு அப்பால் அவளிடம் தங்கம் என்று சொல்ல ஏதும் இல்லை. அன்றைக்கு நான் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். அதன் பிறகு பல இரவுகள் அந்தக் கேள்வி என்னை விட்டு அகலவில்லை.

முதலில் எழும் ஐயம் இது: ஆண்டவனுக்கே மனக்கோயில் போதுமாக இருக்கையில், கலைஞனுக்கு மட்டும் ஏன் போதவில்லை? கவிஞன் பழைய காகிதத்தின் பின்புறத்தில் எழுதிவிடலாம். பாடகனுக்குத் தொண்டை போதும். சினிமா ஒன்றுதான் பிறருடைய பொருளும் பொழுதும் உடலுழைப்பும் இல்லாமல் பிறக்கவே முடியாத கலை. பாதியில் நின்ற கவிதையில் நாலு வரியாவது மிஞ்சும்; பாதியில் நின்ற படத்தில் மிஞ்சுவது கடன்தான். அப்படியிருக்க, மனத்துக்குள் ஓடுகிற படத்தோடு ஒருவன் ஏன் திருப்தி அடையலாகாது?

பல்லவ மன்னன் நின்றவூருக்கு வந்து, பூசலார் கட்டிய கோயில் எது என்று அவ்வூராரைக் கேட்டபோது, அப்படி ஒரு கோயிலே இங்கு இல்லை என்று அவர்கள் சொன்னார்கள் என்பதையும் புராணம் மறவாமல் சொல்கிறது. அத்தனை காலமும் அந்தக் கோயிலுக்குள் நுழைந்து நிற்க ஊராரில் ஒருவருக்கும் வழியிருக்கவில்லை. பக்தனுக்கும் பகவானுக்கும் இடையில் அது பூரணமானதே. ஆனால் கலை என்பது மூன்றாம் மனிதன் ஒருவன் உள்ளே வருவதற்காகத் திறந்துவைக்கும் வாசல் அல்லவா? ஆகவே படத்தை வெளியே கொண்டுவரத் துடிக்கும் இளைஞனை வெறும் புகழாசை பிடித்தவன் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

கல்கத்தாவில் ஒரு விளம்பர நிறுவனத்தில் சித்திரக்காரராக உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்த சத்யஜித் ராய், விபூதிபூஷண் வந்தியோபாத்யாயின் 'பதேர் பாஞ்சாலி' நாவலைப் படமாக்க விரும்பியபோது, அவரிடம் முழுமையான திரைக்கதைப் பிரதிகூட இல்லை. காட்சி காட்சியாகத் தாமே வரைந்த சித்திரங்களும் குறிப்புகளும் அடங்கிய ஒரு நோட்டுத்தான் இருந்தது. அதைக் கையில் ஏந்தித் தயாரிப்பாளர்களின் வாசல்களில் ஏறி இறங்கினார். அது அவருடைய மனக்கோயில் என்று சொல்லத் தோன்றுகிறது. கோயில் முழுவதும் அந்த நோட்டில் இருந்தது. செங்கல் ஒன்றுதான் இல்லை. பொருள் கொடுப்பார் இல்லாமற் போகவே, ஆயுள் காப்பீட்டின்மேல் பணம் திரட்டிக்கொண்டு, 1952 அக்டோபர் 27ஆம் தேதி, எட்டுப் பேர் கொண்ட குழுவுடன் முதல் காட்சியை எடுத்தார். காமிராவை இயக்கிய சுப்ரத மித்ராவுக்கு அப்போது ஏறக்குறைய இருபத்தொரு வயது. அதற்குமுன் சினிமாக் காமிராவை அவர் இயக்கியதே கிடையாது. கலை இயக்குநர் பன்ஸி சந்திரகுப்தர் ஒருவரைத் தவிர அந்த எட்டுப் பேரில் எவருக்கும் தொழில் அனுபவம் இல்லை.

அந்த முதல் காட்சி, காஷ் என்று வங்காளத்தார் அழைக்கும் நாணல்கள் வெண்பூப் பூத்து நிற்கும் ஒரு வெளியில் நடந்தது. அக்காளும் தம்பியும் அதற்குள்ளே ஒருவரையொருவர் தேடுகிறார்கள். உத்தியோகத்தை விடாமல் ஓய்வு நாட்களில் மட்டுமே எடுத்துவந்ததால், மிச்சக் காட்சிக்காக அடுத்த ஞாயிறன்று அவ்விடத்துக்குத் திரும்பிப் போனார்கள். பூ ஒன்றுகூட இல்லை. இடையில் வந்த மாடுகள் மேய்ந்து தீர்த்துவிட்டிருந்தன. இனி அடுத்த ஆண்டுச் சரத் காலம் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்! அந்த வெறும் வெளியில் எட்டுப் பேரும் நின்றிருக்கக்கூடிய அந்தச் சில நிமிஷங்களை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. கர்மத்தில்தான் உனக்கு அதிகாரம், அதன் பலனில் ஒருபோதும் இல்லை என்று கீதையின் இரண்டாம் அத்தியாயம் சொல்வதை நாம் நாற்காலியில் சாய்ந்தபடி வியாக்கியானம் செய்கிறோம். அவர்களுக்கோ அது மாடு மேய்ந்த நிலமாகக் கண்ணெதிரே கிடந்தது.

பிறகு பணம் தீர்ந்து, வேலை மாதக் கணக்கில் நின்றுபோயிற்று. பையனுக்குக் குரல் உடைந்துவிடாதா, பெண் வளர்ந்துவிடமாட்டாளா, எண்பது வயதைத் தொட்டுக்கொண்டிருந்த நடிகை சுனிபாலா தேவி இறந்துவிடமாட்டாரா என்ற மூன்று அச்சங்களுக்கும் நடுவே அந்தக் காலம் கழிந்தது. மூன்றும் நேராமல் போனதை அற்புதம் என்றே ராய் பின்னாளில் கருதினார். முடிவில் முதலமைச்சர் விதான் சந்திர ராயின் ஆதரவால் மேற்கு வங்க அரசு பணம் கொடுத்து, 1955 ஆகஸ்டில் படம் கல்கத்தாவில் வெளியாயிற்று. மறு ஆண்டு கான் திரைப்பட விழாவில் கௌரவம் பெற்றது. இவை யாவரும் அறிந்தவை. என் மனம் நிற்பது வேறோர் இடத்தில். பணமின்றி வேலை நின்ற கட்டத்தில், நிர்வாகப் பொறுப்பை ஏற்றிருந்த அனில் சௌத்ரி கேட்டுக்கொண்டதன்பேரில், ராயின் மனைவி விஜயா தம் நகைகளை அடகு வைக்கக் கொடுத்தார்.

பலனைத் துறந்தவன் என்று ராயைப் பாராட்டுகிறோம். ஆனால் விஜயாவின் நகையின் பலனை ராய் எப்படித் துறக்க முடியும்? துறவு என்பது தன்னுடையதைத் துறப்பது. என் உழைப்பு வீணாகட்டும் என்று நான் சொல்லலாம். உன் வளையல் மூழ்கட்டும் என்று சொல்ல எனக்கு என்ன அதிகாரம்? நிஷ்காம கர்மம் என்ற உன்னதமான தத்துவத்தை, பிறருக்குப் பட்ட கடனை மறப்பதற்கு ஒரு மறைப்பாகக் கலைஞர்கள் பயன்படுத்திவிடும் அபாயம் இங்கேதான் இருக்கிறது. பாரதத்தில் சபையின் நடுவே திரௌபதி கேட்ட கேள்வியும் இந்த வகையைச் சேர்ந்ததே: தன்னை முன்பே தோற்றுவிட்டவனுக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை உண்டா? தர்மத்தின் கதி சூக்ஷ்மமானது என்று சொல்லிப் பீஷ்மரே பதில் கூற இயலாமல் நின்றார். யுதிஷ்டிரருடைய குற்றத்தில் பெரும்பகுதி, என் நோக்கில், பணயம் வைத்ததைவிட அவளைக் கேளாமல் வைத்ததில் இருக்கிறது. விஜயாவைக் கேட்டார்கள், அவர் அறிந்து கொடுத்தார்.

வேறொரு வழியும் இருந்திருக்கிறது. 'அக்ரஹாரத்தில் கழுதை' என்ற படத்தை 1977இல் தமிழில் எடுத்த கேரளத்து ஜான் ஆபிரகாம், 1984இல் கோழிக்கோட்டில் நண்பர்களோடு ஒடேசா என்ற அமைப்பைத் தொடங்கி, ஊர் ஊராகச் சென்று சாப்ளினின் 'தி கிட்' படத்தைத் திரையிட்டுக் காட்டி, பார்த்தவர்களிடம் சிறு சிறு தொகையாகத் திரட்டி, அந்தப் பணத்தில் 1986இல் 'அம்ம அறியான்' படத்தை முடித்தார். கடனாக வாங்காமல் பிக்ஷையாக வாங்கினார். பிக்ஷை இட்டவன் திருப்பித் தரும்படி கேட்பதில்லை. ஆனால் பிக்ஷை ஏற்றவன், ஏற்ற அன்னத்துக்குத் தகுந்த வாழ்வு வாழவேண்டும் என்பதே சந்நியாச தர்மம். அந்தப் படம் எதைப் பற்றியது என்பதும் என்னை உருக்குகிறது. இறந்துபோன நண்பன் ஒருவனின் மரணச் செய்தியை அவன் தாய்க்குத் தெரிவிப்பதற்காக ஓர் இளைஞன் புறப்பட்டுப் போகிறான். வழியெல்லாம் நண்பர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்துகொள்கிறார்கள். அவனோ தான் காண்பதையெல்லாம் தன் தாய்க்கு எழுதித் தெரிவிக்கக் கடமைப்பட்டவன். அம்மா அறிவதற்காக என்பதுதான் அந்தத் தலைப்பின் உட்பொருள். படம் வந்த மறு வருஷமே ஜான் மறைந்தார்.

இதை நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் என் மருமகனுக்குச் சொல்லவேண்டியது எனக்குத் தெளிந்தது. வாங்கிக்கொள், ஆனால் அம்மாவுக்குத் தெரிவித்துவிட்டு வாங்கிக்கொள் என்றேன். படம் விற்காமல் போகலாம். விழாக்கள் திருப்பி அனுப்பலாம். எடுத்து முடியாமலே நின்றுபோகலாம். வளையல் ஏலத்துக்குப் போகலாம். இவ்வளவையும் மறைக்காமல், அடகுக் கடையில் வட்டி எவ்வளவு என்பது உட்பட, அவளெதிரில் உட்கார்ந்து சொல். அதன் பிறகும் கொடுத்தால் அது தானம். வாங்கிய பிறகு, எனக்குப் பலனில் பற்றில்லை என்ற பேச்சு உன் வாயில் வரக்கூடாது. உன் பெயரும் புகழும் எப்படிப் போனாலும், படத்தை முடிக்கும் கடமை உன்னைவிட்டுப் போகாது.

நான் சொன்னதில் ஒரு பள்ளம் இருப்பதை நானே அறிவேன். தாய்க்கு மறுக்கும் சுதந்திரம் உண்மையிலேயே இருக்கிறதா? அன்பு அந்தச் சுதந்திரத்தை முன்பே பறித்துக்கொண்டு விடுகிறதே! அவ்வாறாயின் அவள் அறிந்து கொடுத்தாள் என்பதற்கு என்ன பொருள்? இதற்கு எனக்கு விடை தெரியவில்லை. பீஷ்மரைப் போல் நானும் அங்கே நின்றுவிடுகிறேன்.

அவன் சொல்லியிருக்கிறான். ஒரு மணி நேரம் அவள் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, "பசங்களுக்குச் சமையல் யாரு?" என்று மட்டும் விசாரித்தாளாம். அவன் ஒரு வளையலை எடுத்துக்கொண்டு மற்றொன்றை அவள் கையிலேயே போட்டுவிட்டான். படப்பிடிப்பின் மூன்றாம் நாள் நான் போயிருந்தேன். கிராமத்து வீடு ஒன்றின் கொல்லையில், அடுப்புக்கு முன்னால், ஒன்பது பேருக்கான எலுமிச்சை சாதத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள் என் தங்கை. அடகுச் சீட்டை அவன் அந்த நீள நோட்டின் அட்டைக்குள் ஒட்டி வைத்திருந்தான். ஒலிப்பதிவு செய்யும் பையன் கையை உயர்த்தி, எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொன்னான். கரண்டி பாத்திரத்தில் பட்டால் சத்தம் கேட்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அவள் கையை அப்படியே அந்தரத்தில் நிறுத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து அவன் "கட்" என்று சொல்லும்வரை அதைக் கீழே இறக்கவில்லை.