யார் பிசைந்த மாவு?

அந்தி சாயும் நேரம். ஆரணியின் நெசவாளர் தெருக்களில் ஒன்று. வீடுகளுக்குள்ளே தறியின் ஓசை. வாசலிலே பிள்ளைகளின் ஓசை. தெருமுனையில் சின்னஞ்சிறு ரொட்டிக்கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் பன், ரஸ்க், தேங்காய் பன், உப்பு பிஸ்கட். பின்கட்டில் அடுப்பின் வெம்மை. தோழர்களோடு சென்ற நாம் ஒவ்வொன்றாக வாங்கிச் சுவைத்தோம். தேங்காய் பன் இனித்தது. உப்பு பிஸ்கட் நாவில் கரைந்தது. பப்ஸ் உதிர்ந்து சட்டையெல்லாம் சிந்திற்று. தறியை விட்டு எழுந்து வந்த பெரியவர் ஒருவர், பக்கத்தில் நின்று பன்னைத் தேநீரில் தோய்த்து உண்டுகொண்டிருந்தார்.

"அய்யா, இந்த மாவைப் பிசைந்தவர் என்ன சாதி?" என்று கேட்டோம்.

அவர் சிரித்தார். "பன்னுக்கு ஏது தம்பி சாதி? சூடாக இருக்கிறதா என்று கேளுங்கள்."

"பிசைந்தவர் வீட்டில் சோறு உண்பீர்களா?"

சிரிப்பு நின்றது. "அது வேறு, தம்பி" என்றார்.

அது வேறு! இரண்டே சொற்கள். ஆனால் இந்த நாட்டின் சமுதாய வரலாறு முழுவதும் அந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கிக் கிடக்கிறது. ஏன் வேறு? அதே கை, அதே தண்ணீர், அதே நெருப்பு. கடையில் பன்னானால் உணவு. வீட்டில் சோறானால் தீட்டா?

ரொட்டி அன்னியப் பண்டம், சாத்திரம் அதைப் பற்றிப் பேசவில்லை, ஆகவே விட்டுவிட்டார்கள் என்று சிலர் விடை கூறுவர். வரலாறு அதை ஏற்கவில்லை. ஒரு காலத்தில் ரொட்டியும் பிஸ்கட்டும் சாதியைக் கெடுக்கும் பண்டங்களாகவே எண்ணப்பட்டன. 1846இல் வங்காளத்தில் ராஜ்நாராயண் பாசு பிரம்ம சமாஜத்தில் சேர்ந்தபோது, சாதியைத் துறந்தோம் என்பதற்கு அடையாளமாக உண்டது என்ன தெரியுமா? பிஸ்கட்! ஒரு பிஸ்கட்டைத் தின்பது அன்று புரட்சி. அந்த அச்சத்தையே முதலாக வைத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டில்லியிலே 'இந்து பிஸ்கட்' புறப்பட்டது. உயர்சாதியார் கை மட்டுமே பட்டது என்பது அதற்கு நற்சான்று. மாவுக்கும் பூணூல் மாட்டினார்கள்!

சாத்திரம் ரொட்டியை விடவில்லை. ரொட்டிதான் சாத்திரத்தை விட்டு நழுவிற்று. எப்படி நழுவிற்று? காசு கொடுத்து வாங்குகிறோம். காசோடு உறவு முடிகிறது. விற்றவன் யாரோ, வாங்கியவன் யாரோ. சந்தைக்கு வேண்டியது சில்லறை, சமத்துவம் அன்று. இங்கே காசு கண்ணை மூடிற்று. அறிவு கண்ணைத் திறக்கவில்லை. மூடிய கண்ணைத் திறந்த கண் என்று எண்ணி நாம் ஏமாந்துவிடக் கூடாது.

இதைக் கண்டுகொள்ள, காசு குறுக்கே நிற்காத பந்தியைப் பார்க்க வேண்டும். 1917இல் கேரளத்துச் செறாயியில் சகோதரன் அய்யப்பன் 'மிசிர போஜனம்' நடத்தினார். ஒடுக்கப்பட்டவரோடு ஒரே பந்தியில் உண்டதற்காகத் தம் சாதியாராலேயே பழிக்கப்பட்டார். 1920களின் நடுவில் சேரன்மாதேவி குருகுலத்தில், காங்கிரசின் பொருளுதவி பெற்ற அந்த நிலையத்தில், பார்ப்பனச் சிறுவர்க்குத் தனிப் பந்தி என்றபோது தமிழகமே கொதித்தது. 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில், உணவுவிடுதிப் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்துப் பெரியாரின் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து சிறை சென்றனர்.

பழங்கதை என்பீரா? 2022இல் தமிழக அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கி, 2023இல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரித்தது. பசித்து வரும் பிஞ்சுகளுக்குச் சுடச்சுட உணவு! அந்த ஆண்டிலேயே தூத்துக்குடி மாவட்டத்து உசிலம்பட்டியில், சமைப்பவர் ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண் என்பதால், பிள்ளைகளை உண்ணவிடாமல் பெற்றோர் சிலர் தடுத்தனர். அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் சென்று பிள்ளைகளோடு அமர்ந்து உண்ண வேண்டியதாயிற்று. தடுத்த பெற்றோர் ரொட்டிக்கடைக்குப் போனால் சாதி கேட்டா பன் வாங்குவார்கள்? மாட்டார்கள். ஆனால் பள்ளிக்கூடத்துத் தட்டில் கேட்டார்கள். காசு விலகியது, சாதி எழுந்து நின்றது.

"யார் கையால் உண்பது என்பது என் விருப்பம், அதிலுமா பகுத்தறிவு?" என்று கேட்கும் நண்பர்க்கு ஒரு சொல். மாவு எப்போது பிசைந்தது, எண்ணெய் புதியதா, கை கழுவினாரா என்று தாராளமாகக் கேளுங்கள். அது தூய்மை பற்றிய கேள்வி. அழுக்கு நீரால் போகும். எத்தனை முறை கழுவினாலும் போகாத ஒன்றைத் தீட்டு என்கிறீர்களே, அது கையில் இல்லை. கேட்பவர் கருத்தில் இருக்கிறது. பசியாதவன் உண்ண மறுக்கலாம். பிறப்பைக் கேட்டு மறுப்பவன் உணவை மறுக்கவில்லை, ஒரு மனிதரை மறுக்கிறான்.

ஆரணிக்கு இதை விளக்க அயலூர்ச் சான்று வேண்டியதில்லை, தறியே சான்று. கொதிநீரில் புழுவோடு அவிந்த கூடுகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தே ஒரு பட்டுச்சேலை. கன்னட நாட்டு ராமநகரத்திலும் சிட்லகட்டாவிலும் நூலெடுப்போரில் இசுலாமியத் தோழர்கள் பெருந்தொகையினர். பிறகு சாயமிடுவோர், பாவு தோய்வோர், நெய்வோர் என எத்தனை கைகள்! அத்தனை கையும் பட்ட பட்டு பூசைக்கு மடி. ஒரு கை பட்ட சோறு பந்திக்குத் தீட்டு! வைதீகம் பட்டை ஏற்றுக்கொள்கிறது, நெய்தவனைத் திண்ணையோடு நிறுத்துகிறது. நெய்தவனும் அந்தக் கோலைப் பிடுங்கித் தனக்குக் கீழே ஒருவனைத் தேடுகிறான். இதுவன்றோ கொடுமை!

அந்தப் பெரியவரை நாம் பழிக்கவில்லை. அவர் உள்ளதைச் சொன்னார். மேடையிலே சமத்துவம் முழங்கிவிட்டு வீட்டுக்குத் திரும்பும் நாம், நம் அடுப்பங்கரையைப் பற்றி உள்ளதைச் சொல்வோமா? நம் தோழன் நம் கூடத்தில் அமர்ந்து உண்டானா? உண்ட தட்டை அம்மா எப்படி எடுத்தார்? அவன் வீட்டில் நம் தங்கை உண்டாளா? மாநாட்டுத் தீர்மானங்களைவிடக் கடினமான கேள்விகள் இவை.

இளைஞர்களே! கடையில் பன் தின்பது புரட்சியன்று. 1846இல் அது புரட்சி. இன்று செய்ய வேண்டியது வேறு. பன் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, பிசைந்தவர் வீட்டுக்குச் செல்லுங்கள். அவர் வீட்டுச் சோற்றை உண்ணுங்கள். மறுவாரம் அவரை உங்கள் வீட்டுக்கு அழையுங்கள். 'அது வேறு' என்ற சொல் எந்த வாசற்படியில் எழுகிறதோ, அந்த வாசற்படியிலேதான் நமக்கு வேலை.